ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் மாடல்

கம்பெனிக்காரன் அந்தக் காருக்கு வைத்த பெயர் இங்கிலீஷில் ஏதோ ஒரு குதிரையின் பெயர். மதுரையில் யார் வாயிலும் அது நுழையவில்லை. காளவாசல் ஷோரூமில் வந்து நின்ற முதல் வாரத்திலேயே அதற்கு 'ரெண்டு கதவு' என்று பெயர் விழுந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மற்ற ரெண்டு கதவு எங்கே என்று கேட்பார்கள். கண்ணுச்சாமி சிரிப்பார். எத்தனை பேர் கேட்டாலும் அப்போதுதான் முதல்முறை கேட்டதுபோலச் சிரிக்க வேண்டும். விற்பனைக்காரன் பிழைப்பு அப்படி. பட்டணத்தில் இப்போது இதுதான் நாகரிகம் என்பார். எந்தப் பட்டணத்தில் என்று நல்லவேளை யாரும் கேட்டதில்லை.

அது எண்பத்து நாலாம் வருஷம். அம்பாசிடரை விட்டால் ஃபியட், ஃபியட்டை விட்டால் அம்பாசிடர் என்று கிடந்த ஊருக்கு, அவற்றைவிடக் குறைந்த விலையில் ஒரு பந்தயக் கார் மாதிரி என்று சொல்லி இதை அனுப்பியிருந்தார்கள். சாதா, டீலக்ஸ், ஸ்போர்ட்ஸ் என்று மூன்று தினுசு. சாதாவில் ஒன்றும் கிடையாது. சீட்டு, ஸ்டியரிங், ஹாரன், அவ்வளவுதான். டீலக்ஸில் ஒரு கடிகாரம், சிகரெட் பற்றவைக்கிற சாமான், தள்ளித் திறக்கிற பின்பக்கக் கண்ணாடி, பளபளவென்று வீல் கப். கூத்தெல்லாம் ஸ்போர்ட்ஸில்தான். மூக்கிலிருந்து வால்வரை கறுப்புப் பட்டை, தோல் சுற்றிய ஸ்டியரிங், தரையிலிருந்து எழும்பும் கியர் ராடு, கேசட் பிளேயர், என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்ட ஒரு தனி மீட்டர், பனிமூட்டத்தில் பாதை தெரிய மஞ்சள் விளக்கு. மதுரையில் பனிமூட்டத்தை எங்கே போய்த் தேடுவது என்று கண்ணுச்சாமிக்கே தெரியாது. என்ஜின் மட்டும் மூன்றுக்கும் ஒன்றேதான். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்.

ஸ்போர்ட்ஸில் இன்னும் ரெண்டு விஷயம் உண்டு. அவற்றைக் கேட்டால்கூட அவர் மென்று விழுங்கித்தான் சொல்வார். பந்தயக் கார்க் களை வரவேண்டும் என்று டிரைவர் சீட்டை மடிக்க முடியாதபடி தரையோடு முறுக்கி வைத்திருந்தார்கள். பின்பக்கக் கண்ணாடியும் திறக்காது, ஒட்டியே வந்தது. ஆகவே பின்சீட்டில் உட்கார்ந்தவன் இறங்க ஒரே வழிதான். முன்னால் இடதுபக்கம் இருப்பவர் எழுந்து, கீழே இறங்கி, தன் சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைச் செய்யாதவரை பின்னால் இருப்பவன் பொட்டிக்குள் வைத்த பண்டம்தான்.

கண்ணுச்சாமி ஆனையூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பா பண்ணையாளாக இருந்து செத்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றதும் கண்ணுச்சாமி காளவாசலுக்குக் கார் கழுவ வந்தார். கழுவிய வண்டியை வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்த்தி நகர்த்தியே ஓட்டப் பழகினார். அப்புறம் முதலாளி டிராக்டர் ஏஜென்சி எடுத்தபோது, மேற்கே ஊர் ஊராக டிராக்டரைக் கொண்டுபோய் உழுது காட்டுகிற வேலை. வேலியோரம் கிடக்கிற தரிசையும் சேர்த்து உழவைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குள் போய்விடுகிற சம்சாரிகளை அவர் நிறையவே பார்த்திருக்கிறார். அதற்கும் சிரித்தார். பஸ்ஸும் நடையும் நிற்பதுமாகப் போன வருஷங்களில் கால் நரம்பு சுருண்டுகொண்டது. பொழுது சாய்ந்தால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். வயது நாற்பத்தைந்துதான். நடையைப் பார்த்தவர்கள் அறுபது என்பார்கள்.

அவர் ஆசைப்பட்டதெல்லாம் ஒரு நாற்காலிக்குத்தான். கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் வந்துபோகிறவர்களைப் பிடிக்க முதலாளி தல்லாகுளத்தில் ஒரு புக்கிங் ஆபீஸ் திறந்திருந்தார். மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி, சாதா டீலக்ஸ் ஸ்போர்ட்ஸ் என்று உட்கார்ந்தபடியே ஒப்பிக்கலாம். அங்கே இருந்தவர் சித்திரையோடு வேலையை விடுகிறார் என்று தெரிந்ததும் கண்ணுச்சாமி வாயைத் திறந்து கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் முதலாளியிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். முதலாளி, தீபாவளியிலிருந்து தூசி வாங்கிக்கொண்டு நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸைக் கையால் காட்டி, அதைத் தள்ளிவிட்டால் நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் என் மச்சினன் மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். அன்றிலிருந்து கண்ணுச்சாமி அந்தக் காரைத் தன் கையாலேயே துடைக்க ஆரம்பித்தார்.

முத்திருளன் வந்து மாட்டியது அப்போதுதான். செக்கானூரணிக்கு மேற்கே ரைஸ்மில் வைத்திருந்தவன், முப்பது வயசுக்காரன். கண்ணாடிக்கு வெளியே புல்லட்டை நிறுத்திவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்தான், ஸ்டியரிங்கைத் தொட்டான், அந்தச் சுற்று மீட்டரின் முள் துள்ளுவதைப் பார்த்தான், ஆள் அவுட். என்ஜின் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே என்று அவனே கேட்டான், ஆமாம் என்று கண்ணுச்சாமியும் சொன்னார், அப்படியும் அவனுக்குச் சிவப்பு ஸ்போர்ட்ஸ்தான் வேண்டியிருந்தது. ஆசை வந்துவிட்டால் மனுசன் அப்படித்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சாதா மாடல்தான் தோது, அதில் ரெண்டு சீட்டும் மடியும், டிரைவர் பக்கமாகவும் இறங்கிக்கொள்ளலாம் என்கிற பேச்சைக் கண்ணுச்சாமி எடுக்கவேயில்லை. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார். நாற்காலி நாக்கைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் முத்திருளன் கையில் முடிவு இல்லை. அவன் அப்பா தவசி தலையசைக்க வேண்டும், தவசி தலையசைக்குமுன் அவர்கள் ஊர் எல்லையில் இருக்கிற கருப்பு சாமி உத்தரவு கொடுக்க வேண்டும். ஆடு வாங்கினாலும் லாரி வாங்கினாலும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். வண்டியைக் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டிப் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அட்வான்ஸ். சிவப்பு வந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கண்ணுச்சாமி மனசுக்குள் வெள்ளைப் பூவுக்கு வேண்டிக்கொண்டார்.

கிளம்புகிற அன்றைக்குத் தவசியும் மகனோடு ஷோரூமுக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒரு முழங்கால் மடங்க மறுக்கிற நடை. அங்கேதான் கண்ணுச்சாமி தப்புச் செய்தார். டிரையலுக்குப் போனால் விற்பனைக்காரன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போக வேண்டும், வீட்டு ஆட்கள் பின்னால் உட்கார வேண்டும் என்பது ஷோரூம் சட்டம். தல்லாகுளத்து வக்கீல்களையும் டாக்டர்களையும் பின்சீட்டில் ஏற்றிவிட்டு முன்னால் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து போனவர்தான் அவர். ஆனால் தவசியைப் பார்த்த மாத்திரத்தில், யாரும் சொல்லாமலே, சீட்டை மடித்துக்கொண்டு பின்னால் போய் ஒடுங்கிவிட்டார். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார். அப்பன் பாட்டன் முதுகில் இருந்து வந்த பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? தான் இறங்க வேண்டுமானால் அந்தப் பெரியவர் எழுந்து நின்று வழிவிட வேண்டும் என்பது ரோட்டில் ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

போகிற வழியில் பெரியவர் நல்ல முகத்தோடுதான் பேசிக்கொண்டு வந்தார். இது என்ன, அது எதுக்கு என்று கேட்பார், பின்னாலிருந்து கண்ணுச்சாமி சொல்வார். நாகமலையைத் தாண்டும்போது பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ஆனையூருப் பக்கம்யா."

"ஆனையூர்ல யாரு வீடு?"

கண்ணுச்சாமி தெருவைச் சொன்னார். தவசி முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, எங்கள் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டார்.

"உங்க ஊருதான்யா. தங்கச்சி முருகம்மாளக் காலனியில குடுத்திருக்கு."

அதற்குப் பிறகும் தவசி கேள்வி கேட்டார், முகத்தை மட்டும் திருப்பவில்லை. தம்பி என்ற சொல்லும் நின்றுவிட்டது. கண்ணுச்சாமிக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. டிராக்டர் காலத்திலிருந்து பழகியதுதான். பின்னாலிருந்து அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊர் மந்தையில் கார் போய் நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பூசாரி கிணற்றுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். முத்திருளன் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கூட்டிவருகிறேன் என்று வரப்பில் இறங்கி நடந்தான். தவசிக்கு இறங்க மனமில்லை. முழங்கால் ஒரு காரணம், சொந்த ஊர் மந்தையில் சிவப்புக் காருக்குள் உட்கார்ந்திருக்கிற சுகம் இன்னொரு காரணம், அதை யார்தான் குறை சொல்வார்கள்? ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் மீட்டரைக் காட்டினார். மஞ்சள் விளக்கைப் பற்றி ஒருவன் கேட்டதற்கு, பனியில் போக என்று கண்ணுச்சாமியின் பாடத்தை அப்படியே ஒப்பித்தார். வாங்கிவிடுவார் என்று கண்ணுச்சாமிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தான் விற்க வந்த பொருளின் பெருமையை வாங்க வந்தவர் பேச ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் விற்பனைக்காரனுக்கு வேலையில்லை.

பின்சீட்டு வெந்தது. கண்ணாடி திறக்காது, காற்றில்லை, ரெக்சின் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. மடங்கியே இருந்த கால்களில் ரத்தம் கட்டி, ரெண்டும் தன்னுடையவைதானா என்று சந்தேகம் வந்தது. ஐயா, கொஞ்சம் எந்திரிங்க என்று ஒரு வார்த்தை. தல்லாகுளத்தில் யாரிடமும் கேட்டிருப்பார். இங்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், பூசாரி வந்துவிடுவார், வெள்ளைப் பூ வந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் ஃபேனுக்கு அடியில் உட்காரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாகம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அப்போதுதான் முருகம்மாள் வந்தாள். புல்லுக்கட்டோடு மந்தை ஓரமாகப் போனவள், கண்ணாடிக்குள் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டாள். கட்டை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். கண்ணுச்சாமி உள்ளிருந்தே நேரமில்லை என்று சைகை காட்டினார். அவள் முகம் சுருங்கியது. பேண்ட் சட்டை போட்டுக் காரில் வந்த அண்ணனுக்குத் தங்கச்சி வீட்டு வாசல் சின்னதாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். வேறென்ன நினைக்க முடியும்? கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

போய்விட்டாள் என்று நினைத்தார். போகவில்லை. வீட்டுக்கு ஓடி ஒரு செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். வேர்த்து வழிகிற அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கிறாள், கோபத்தையும் மீறி அது அவளைக் கொண்டுவந்துவிட்டது. பின்பக்கக் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றாள். அதைத் திறந்து வாங்கிக்கொள்வார் என்று நின்றாள். அது திறக்காது. திறந்திருந்த ஒரே ஜன்னலில் தவசியின் கை இருந்தது. காலனித் தண்ணீரை அவர் மடிக்கு மேலாக நீட்ட அவளுக்கும் தைரியம் வராது, வாங்க அண்ணனுக்கும் வராது, எப்படி நீட்டினாலும் அவர் தோளை உரசித்தான் செம்பு உள்ளே வரவேண்டும். மந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தவசிக்கும் செம்பு தெரிந்தது. அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடாத வண்டியில் மீட்டரில் பார்க்க என்ன இருக்கிறது?

கண்ணுச்சாமி அந்தத் தண்ணீரைப் பார்த்தார். செம்பின் வெளிப்பக்கம் நனைந்து, அவள் விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி கையில் தண்ணீரோடு நிற்கிறாள், அண்ணன் கூண்டுக்குள் இருக்கிறான். அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை. அலுப்பு. இவ்வளவு காலம் சிரித்த அலுப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. இதற்கு மேல் ஒரு நிமிஷமும் அவரால் முடியவில்லை.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. நான் இறங்கணும்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும் போல, அங்கிருந்தும் தலைகள் திரும்பின.

"அவன் வந்துருவான். வந்ததும் இறங்கிக்கலாம்" என்றார் தவசி, முன்னால் பார்த்தபடி.

"இப்ப இறங்கணும்யா."

தவசி கதவைத் திறந்தார். அது எப்படி நடந்தது என்று கண்ணுச்சாமிக்கு அப்புறமும் விளங்கவில்லை. மாட்டேன் என்று சொன்னால், தன்னை எழச்சொன்ன பேச்சு மந்தை முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்தாரோ, இல்லை அந்தக் குரலில் கெஞ்சல் இல்லாதது அவரை எழுப்பியதோ. ஆனால் எழுந்திருப்பது லேசாக இல்லை. சீட்டு குழி, முழங்கால் மடங்காது. ஒருமுறை எம்பிப் பார்த்து மறுபடி விழுந்தார். கண்ணுச்சாமி பின்னாலிருந்து ரெண்டு கையையும் அவர் அக்குளுக்குக் கொடுத்துத் தூக்கிவிட்டார். பெரியவர் உடம்பு ஒரு கணம் விறைத்தது, பிறகு பாரம் முழுவதும் அந்தக் கைகளில் இறங்கியது. கனமான மனுசன். இறங்கி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்த்தார். சீட்டைக் கண்ணுச்சாமியே மடித்துக்கொண்டார். வெளியே வந்து கால் ஊன்றியதும் தரை தெரியவில்லை, காரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். முருகம்மாள் செம்பை நீட்டினாள். அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பூசாரியோடு முத்திருளன் வந்தபோது தவசி டீக்கடை பெஞ்சில் இருந்தார். பூக்கட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அப்பனும் மகனும் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார்கள். கை வீசிப் பேசியது மகன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்பன். பிறகு முத்திருளன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் முகத்தில் சொத்தைப் பறிகொடுத்த களை இருந்தது.

"அப்பாவுக்குச் சீட்டு தாழ்வா இருக்காம்ணே. பாப்போம்."

மேற்கே பாப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். சரி தம்பி என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் அடுத்த மாதம் அம்பாசிடர் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டார். நாலு கதவு, எல்லாம் அதது பாட்டுக்குத் திறக்கும். முதலாளி, ஏன் தட்டிப்போயிற்று என்று கேட்டதற்கு, சீட்டு தாழ்வு என்றுதான் இவரும் சொன்னார். சித்திரை முடிந்ததும் மச்சினன் மகன் தல்லாகுளத்துக்குப் போனான். கண்ணுச்சாமி உடம்பு ஒத்துழைத்த வரைக்கும் பஸ்ஸிலும் வெயிலிலுமாக வண்டி விற்றார்.

இது எல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு மந்தையில், அவர் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் முருகம்மாள் வெறும் செம்போடு ஜன்னல் பக்கமே நின்றாள். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணே, அவரு உனக்கு எந்திரிச்சு நின்னத நான் என் கண்ணால பாத்தேன். இதப் பாக்க நம்ம அப்பன் இல்லாமப் போச்சே."

அவள் கண் நிறைந்திருந்தது. கண்ணுச்சாமி வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்தக் கதையை முருகம்மாள் காலனியில் சொல்லாத வீடு இல்லை. நல்லது கெட்டதுக்கு அவர் அங்கே போனால் சின்னஞ்சிறுசுகள்கூட அவரைத் தனியாகப் பார்க்கும். நாற்காலி போன கதையை மட்டும் அவர் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால், நான் அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவராமல் இருந்திருக்கலாமே என்று அழுவாள்.